ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மும்பை வழியாகப் போன பாக்கெட்

போன செமஸ்டரில் ஒரு கேம்பஸ் இன்டர்வியூ. ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன் எல்லாம் தாண்டி டெக்னிக்கல் ரவுண்டு வரைக்கும் வந்துட்டேன். நெட்வொர்க்கிங்தான் என் ஏரியா என்று ரெஸ்யூமேயில் தைரியமா போட்டிருந்தேன். ஓஎஸ்ஐ லேயர், சப்நெட்டிங், ஓஎஸ்பிஎஃப் எல்லாம் கேட்டார்கள். கடகடன்னு சொல்லிட்டேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி.

"ஒரு லினக்ஸ் மெஷின் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு பிங் போகணும். எப்படி இணைப்பீங்க?"

நான் "ரவுட்டர்ல முதல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ரவுட்டர் இல்லை. கேபிளும் இல்லை. ஒரு மெஷின்தான்."

அவ்வளவுதான், வாய் அடைச்சுப் போச்சு. சிசிஎன்ஏ கமாண்டு இருநூறு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அதில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை. ரிசல்ட் என்னன்னு சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரமே ராஜபாளையத்தில் என் மாமா இதே கேள்வியை வேற மாதிரி கேட்டார். அவருக்கு அங்கே சின்னதா ஒரு பேண்டேஜ் துணி யூனிட். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆபீஸ், கூடவே குடோன். ஸ்டாக், பில்லிங் எல்லாம் ராஜபாளையத்து கம்ப்யூட்டர் ஒண்ணுலதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற பையன் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கி, அதைப் பார்த்துப் பில் போடுவான். மாமா சொன்னார்: "நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிற மாப்ள, ரெண்டு கம்ப்யூட்டரை இணைச்சுவிடத் தெரியாதா?"

நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். எனக்குத் தெரியலை.

இந்தக் கட்டுரை அந்த ரெண்டு கேள்விக்கும் லேட்டாக் கிடைச்ச பதில். முக்கியமா தேர்டு இயர் ஜூனியர்ஸ் படிக்கணும்னு எழுதறேன். நான் எல்கேஜியிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டரைக் கேளுங்க.

பெட்டிக்குள்ள இருந்தது எங்கே போச்சு?

விர்ச்சுவல் நெட்வொர்க் என்றதும் நம்ம ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது பிளாக் ஆன சைட்டைத் திறக்கிற விபிஎன் ஆப்தான். அது இந்த விஷயத்தின் ஒரு ஓரம்.

ஒரு ரவுட்டரில் ரெண்டு வேலை நடக்குது. பாக்கெட் எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றது ஒண்ணு. அதை அந்தப் பக்கம் தள்ளிவிடறது இன்னொண்ணு. ரொம்ப வருஷம் ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே கம்பெனி பூட்டுக்குள்ள இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்டில் சில ஆராய்ச்சியாளர்கள் முடிவெடுக்கிற மூளையை வெளியே எடுத்து, ஒரு சாதாரண சர்வரில் சாஃப்ட்வேராக ஓட்டலாமே என்றார்கள். ஓப்பன்ஃப்ளோ என்ற அந்தக் கட்டுரை 2008-இல் வந்தது. எஸ்டிஎன், அதாவது சாஃப்ட்வேர் டிஃபைன்ட் நெட்வொர்க்கிங் வளர்ந்தது அதிலேர்ந்துதான். 2012 அக்டோபரில் ஏடி அண்ட் டி, பிடி, டாய்ச்ச டெலிகாம் மாதிரி பெரிய டெலிகாம் கம்பெனிகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஃபயர்வாலுக்கு ஒரு பெட்டி, லோட் பேலன்சருக்கு ஒரு பெட்டி என்று வாங்கி மாளலை, அதெல்லாம் சாதாரண சர்வரில் ஓடுற சாஃப்ட்வேரா ஆகட்டும் என்பதுதான் சாரம். அதுக்குப் பேர் என்எஃப்வி.

இதை ஃபேஷனுக்காகப் பண்ணலை. விலான் என்று நாம லேபில் போடுறோமே, அதன் ஐடிக்கு 12 பிட்தான். ஆக 4,094 விலானுக்கு மேல போக முடியாது. ஒரு காலேஜுக்கு அது தாராளம். லட்சக்கணக்கான கஸ்டமர்களை ஒரே கட்டடத்தில் வைத்திருக்கிற கிளவுட் கம்பெனிக்கு? அதனால் விஎக்ஸ்லான் வந்தது. 2014-இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியானது. அதில் ஐடி 24 பிட், அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் தனித்தனி நெட்வொர்க். ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள போட்டு அனுப்புறதுதான் தந்திரம்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். மாமா சில சமயம் ஒரு பண்டலை ராஜபாளையத்தில் பஸ்ஸில் ஏத்தி, கண்டக்டரிடம் சொல்லிவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் பையன் இறக்கிக்குவான். உள்ளே பேண்டேஜா, பில் புக்கா, கண்டக்டருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருக்கு மேல எழுதியிருக்கிற ஊர் பேர் போதும். பஸ் போற ரோடு அண்டர்லே. மாமாவுக்கும் பையனுக்கும் நடுவே இருக்கிற ஏற்பாடு ஓவர்லே. விர்ச்சுவல் நெட்வொர்க் என்கிற மொத்த மார்க்கெட்டும் இந்த ஏற்பாட்டை சாஃப்ட்வேராக விக்கிற வியாபாரம்தான்.

மாமா கடையில் நடந்தது

லோக்கலில் ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருந்தார். ரெண்டு பக்கமும் ஃபயர்வால் பெட்டி, ஸ்டேட்டிக் ஐபி, இன்ஸ்டலேஷன், வருஷா வருஷம் ரினியூவல். மாமா அந்தப் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

நான் முதலில் புக்கில் படிச்ச மாதிரி போர்ட் ஃபார்வர்டிங் முயற்சி பண்ணினேன். வேலை செய்யலை. ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிச்சுக்கிட்டு, கடைசியா ரவுட்டரின் வேன் அட்ரஸைப் பார்த்தால் 100.72 என்று ஆரம்பிக்குது. அது இன்டர்நெட்டில் வெளியே தெரிகிற அட்ரஸே இல்லை. ஐபிவி4 அட்ரஸ் பத்தாததால், நிறைய வீடுகளை ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். சிஜிநாட் என்று பேர். 100.64-லேர்ந்து 100.127 வரைக்கும் இதுக்காகவே 2012-இல் ஒதுக்கியது. உங்க வீட்டு ரவுட்டரிலும் இன்னைக்கே பாருங்க, இதே நிலைமையா இருக்கலாம். வெளியிலேர்ந்து யாரும் உங்க கதவைத் தட்ட முடியாது. நீங்கதான் வெளியே போகணும்.

சரி, ரெண்டு பக்கமும் வெளியே வரட்டும், நடுவுல ஓர் இடத்தில் சந்திக்கட்டும். பழைய கம்ப்யூட்டர் ரெண்டில் லினக்ஸ் போட்டேன். கிளவுடில் மாசம் ஐந்நூறு ரூபாய்க்குள்ள ஒரு குட்டி சர்வர் எடுத்தேன். மூணையும் வயர்கார்டால் இணைத்தேன். வயர்கார்ட் ஓப்பன் சோர்ஸ். 2020 மார்ச்சில் வந்த 5.6 வெர்ஷனிலேர்ந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. கான்ஃபிக் ஃபைல் பக்கத்துக்குப் பத்து வரிகூட வரலை. ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் ராஜபாளையத்து கம்ப்யூட்டரை பிங் பண்ணுச்சு. பதில் வந்தது.

நான் எடுத்த சர்வர் இருந்தது மும்பையில். ஆக, மாமா யூனிட்டிலேர்ந்து அவர் குடோனுக்குப் போற பாக்கெட் மும்பை போய்ச் சுத்திட்டு வருது. மாமாவிடம் சொன்னேன். "வேகமா வருதுல்ல? எங்க சுத்திட்டு வந்தா என்ன?" என்றார். எஸ்டி-வான் விக்கிற சேல்ஸ்மேன்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டார்.

இதுல ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டு வேலையை முடிச்சிடறாங்க. ரான்சம்வேர் ஆட்கள் தேடுறதே அந்தக் கதவைத்தான். யாராவது சொந்தக்காரர் கேட்டால் அதை மட்டும் செய்யாதீங்க.

வேலை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது: இன்டர்வியூவில் கேட்டதும் இதேதானே! அங்கே ரெண்டு நேம்ஸ்பேஸ், இங்கே ரெண்டு ஊர். அந்தக் கேள்விக்கு விடை ஒரு வெத் ஜோடி. வெத் என்பது கெர்னலுக்குள்ள நாமே உருவாக்குகிற ரெண்டு முனை கேபிள். ஒரு முனையை இந்த நேம்ஸ்பேஸில், இன்னொரு முனையை அந்த நேம்ஸ்பேஸில் போட்டு, ஐபி கொடுத்து, ரெண்டையும் ஆன் பண்ணினால் முடிஞ்சது. ஐந்தாறு கமாண்டு. டாக்கர், குபர்நெட்டிஸ் எல்லாம் வழக்கமா அடியில் செய்வது இதைத்தான். நான் டாக்கரை ரெண்டு ப்ராஜெக்டில் யூஸ் பண்ணியிருக்கேன், அதுக்குள்ள ஒரு கேபிள் இருக்குன்னே தெரியாமல்.

பேர்ப்பலகை மாறிக்கிட்டே இருக்கு

இப்போ மார்க்கெட்டுக்கு வருவோம். ரிப்போர்ட்டுகளில் இத்தனை பில்லியன், அத்தனை சதவீதம் என்று ஆளுக்கொரு எண் போடுவாங்க. அதைவிட, யார் யாரை வாங்கினாங்க என்று பார்த்தால் நமக்கு நல்லாப் புரியும்.

ஓப்பன்ஃப்ளோ ஆட்கள் தொடங்கின நைசிரா என்கிற சின்ன கம்பெனியை 2012-இல் விஎம்வேர் 126 கோடி டாலருக்கு வாங்கியது. அதிலேர்ந்து வந்ததுதான் என்எஸ்எக்ஸ். 2017-இல் எஸ்டி-வான் செய்த விப்டெலாவை சிஸ்கோ 61 கோடி டாலருக்கு வாங்கியது. பெட்டி விக்கிற கம்பெனியே சாஃப்ட்வேருக்கு அவ்வளவு கொடுத்தது. அதே வருஷம் வெலோகிளவுட் என்கிற இன்னொரு எஸ்டி-வான் கம்பெனி விஎம்வேர் கைக்குப் போச்சு. 2023 நவம்பரில் விஎம்வேரையே பிராட்காம் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த மாசமே, ஒரு தடவை வாங்கினா எப்பவும் வெச்சுக்கலாம் என்கிற பழைய லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, எல்லாத்தையும் சந்தாவா மாத்தினாங்க. 2025-இல் வெலோகிளவுட் அரிஸ்டாவுக்குக் கைமாறியது. அதே வருஷம் ஜூனிபரை எச்பிஇ வாங்கியது.

வெலோகிளவுட் ஸ்கிரீனில் எந்த மெனு எங்கே இருக்குன்னு மட்டும் படிச்ச ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. எட்டு வருஷத்தில் அவர் ப்ராடக்டின் முதலாளி மூணு தடவை மாறியாச்சு. ஆனா அந்த எட்டு வருஷமும் டன்னல் டன்னல்தான், ரவுட்டிங் டேபிள் ரவுட்டிங் டேபிள்தான்.

என் கருத்து இதுதான்: நாம பிராண்டைப் படிக்கிறோம். மார்க்கெட் பிராண்டை மாத்திக்கிட்டே இருக்கு. அடியில் இருக்கிறதைப் படிச்சவங்கதான் எல்லா மாற்றத்துலயும் நிப்பாங்க.

இதுக்கு உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு. ராஜபாளையத்தில் செங்கோட்டை பஸ் ஏறினா தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் ஸோஹோ ஆபீஸ் இருக்கிறது நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தக் கம்பெனி 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பேரில் தொடங்கினப்போ விற்றது நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். வாங்கினவங்க பெரும்பாலும் நெட்வொர்க் பெட்டி செய்யும் கம்பெனிகள். 2001 வாக்கில் டெலிகாம் மார்க்கெட் சரிஞ்சப்போ அந்தக் கஸ்டமர்கள் காணாமல் போனாங்க. ஆனா நெட்வொர்க் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்ச ஆட்கள் உள்ளே இருந்தாங்க. கம்பெனிகளின் ஐடி டீமுக்கே நேரா விக்கிற மேனேஜ்இன்ஜின் அதுக்கப்புறம் வந்தது. வாங்குறவன் மாறினான், படிச்ச படிப்பு மாறலை.

"அப்போ சிசிஎன்ஏ வேஸ்டா?"

இதை என் ரூம்மேட் கேட்டான், நீங்களும் கேப்பீங்க. வேஸ்ட் இல்லை. சப்நெட்டிங், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் விர்ச்சுவல் நெட்வொர்க்கிலும் அப்படியே ஓடுது. சர்டிபிகேட் இருந்தால்தான் ரெஸ்யூமேயை எடுக்கிற எச்ஆர் இருக்காங்க, அதுவும் நிஜம். நான் சொல்றது வேற. சர்டிபிகேட்டுக்காக மட்டும் படிச்சா, கேள்வி ஒரு அடி தள்ளி வந்தாக்கூட என்னை மாதிரி முழிப்பீங்க.

இன்னொரு நிஜம். நம்ம பேட்ச்சில் பாதிப் பேர் ஃபைனல் இயர் முடிஞ்சதும் சென்னைக்குப் போய் கோர்ஸ் சேர்றதா இருக்கோம். நானும்தான். ஃபீஸ் ஐம்பத்தஞ்சாயிரம், ரூம் வாடகை தனி. அம்மா தன் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சிருந்தாங்க. இப்போ அந்த கோர்ஸ் சிலபஸை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி என் எட்டு ஜிபி லேப்டாப்பில் சும்மா செய்து பார்க்கக்கூடியது. மினிநெட் இருந்தா ஒரே லேப்டாப்பில் இருபது ஸ்விட்ச் ஓட்டலாம். ஓப்பன் விஸ்விட்ச் நைசிரா ஆட்கள் எழுதியது, இலவசம். எஃப்ஆர்ரவுட்டிங்கில் நிஜ பிஜிபி ஓடும். முன்னாடி நெட்வொர்க்கிங் கத்துக்க லட்ச ரூபாய் லேப் வேணும், அந்த லேப் பெரிய ஊரில்தான் இருக்கும். லேப்பே சாஃப்ட்வேரா ஆனதுக்கப்புறம், கத்துக்க சென்னைக்கே போகணும்னு நாம இன்னும் நம்புறதுதான் பிரச்சினை. வேலைக்குப் போறது வேற விஷயம், போகத்தான் வேணும்.

விர்ச்சுவலால் முடியாதது

ரொம்பப் புகழ்ந்துட்டேன். நிஜத்தையும் சொல்லணும்.

மாமா கடையில் எல்லாம் சரியா ஓடிக்கிட்டிருந்தப்போ, ஒரு நாள் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மொத்தமா நின்னுபோச்சு. ரோட்டு வேலையில் ஃபைபர் கட். ரெண்டு கனெக்‌ஷன் இருக்கே என்று தைரியமா இருந்தோம். வெளியே வந்து பார்த்தா ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்துல, ஒண்ணாத்தான் தொங்குது. எஸ்டி-வானின் முக்கிய வேலையே, ஒரு பாதை போனா இன்னொரு பாதைக்கு மாத்திவிடறது. பாதையே ஒண்ணுதான்னா எதுக்கு மாத்தும்? இப்போ மாமா ரெண்டாவது பிராட்பேண்டை நிறுத்திட்டு ஒரு சிம் ரவுட்டர் வெச்சிருக்கார்.

ஆடிப்பூரத் தேர் அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்னிருக்கீங்களா? ரதவீதி முழுக்கத் தலைதான். பால்கோவாக் கடையில் யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கும். 5ஜி வந்தப்புறம் டெலிகாம் கம்பெனிகளின் கோர் நெட்வொர்க்கில் நிறைய வேலை சர்வரில் ஓடும் சாஃப்ட்வேரா மாறியாச்சு. கூட்டம் வந்தா அதைப் பெருக்கிக்கலாம். ஆனா டவருக்கும் போனுக்கும் நடுவே இருக்கிற ஸ்பெக்ட்ரத்தை சாஃப்ட்வேரால் பெருக்க முடியாது. அதைப் பங்குதான் போடலாம்.

அதனால கம்பிக்காக நாம கேட்கிறதை நிறுத்தக் கூடாது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் இருக்கு. உங்க ஊராட்சியில் அந்தக் கேபிள் வந்திருக்கா, வந்தது எரியுதா, இல்லை ஒரு அறையில் பூட்டிக் கிடக்கான்னு அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பாருங்க. மேல எவ்வளவு அழகா ஓவர்லே கட்டினாலும், நம்ம ஊர் பங்கு கீழே இருக்கிற அந்தக் கம்பியில்தான் இருக்கு.

ஜூனியர்ஸுக்கு

எங்க பேட்ச்சில் சாஃப்ட்வேர் டிஃபைன்ட் நெட்வொர்க்ஸ் எலெக்டிவ் லிஸ்ட்டில் இருந்தது. போதுமான ஆள் சேரலைன்னு நடக்கலை. சேராதவர்களில் நானும் ஒருத்தன். "மார்க் வராது, சீனியர் நோட்ஸ் இல்லை" என்று ஈஸியான ஒண்ணை எடுத்தேன். இது முழுக்க என் தப்பு. நீங்க இந்தத் தடவை ஆள் சேர்த்துட்டுப் போய்க் கேளுங்க.

அது நடக்கலைன்னாலும் சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் போதும். முதல் வாரம் ரெண்டு நேம்ஸ்பேஸை வெத் போட்டு இணைங்க. ரெண்டாவது வாரம் நடுவுல ஒரு பிரிட்ஜ் வெச்சு மூணாவதையும் சேருங்க. மூணாவது வாரம் ரெண்டு லேப்டாப்புக்கு நடுவே விஎக்ஸ்லான். நாலாவது வாரம் உங்க வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் வயர்கார்ட். ஒவ்வொரு தடவையும் வயர்ஷார்க்கைத் திறந்து, பாக்கெட்டுக்குள்ள பாக்கெட் இருக்கிறதை உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி ப்ராடக்டைக் கொடுத்தாலும் பேர்தான் புதுசா இருக்கும்.

இந்த சனிக்கிழமை மூணு மணிக்கு நான் லேபில் இருப்பேன். நோட்ஸ் கிடையாது, லேப்டாப் எடுத்துட்டு வாங்க. சென்னை கோர்ஸுக்கு நான் இன்னும் பணம் கட்டலை. அடுத்த மாசம் இன்னொரு இன்டர்வியூ இருக்கு. அதுலயும் ஊத்திக்கிச்சுன்னா அதையும் இங்கேயே எழுதறேன்.